நாய்ச் சோற்றில் நாம் நீக்கிவிடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், செல்ல நாய்களுக்கு வீட்டிலேயே சமைப்பது எப்படி என்று வெளியான அரைப்பக்கச் செய்முறையைப் படித்தேன். அரிசி ஒரு பங்கு, எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி ஒரு பங்கு, கேரட், பீன்ஸ், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கிருமி அண்டாமல் இருக்க இரண்டு பல் பூண்டு, இவற்றைக் குக்கரில் நான்கு விசில் வரும்வரை வேகவைத்து ஆறவைத்துப் போட்டால் அது நாய்க்கு ‘முழுமையான சத்துணவு’ ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. நாய்க்கு வீட்டில் சமைத்துப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. என் வீட்டில் இன்றும் அதுதான் நடக்கிறது. ‘முழுமையான’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எந்தச் சத்து குறைந்தால் எந்த நோய் வரும் என்ற அட்டவணையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். அப்படிப்பட்ட என் வீட்டில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வந்த, கன்னி என்ற வேட்டை நாய் இனக் குட்டியொன்று, நானே ஆசையாகச் சமைத்துப் போட்ட சோற்றைத் தின்று கால் வளைந்து போனது. பெயர் மணி. நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்தவனுக்குக் காலையில் தயிர்ச்சோறு, மதியமும் இரவும் கோழிக்கறியும் சோறும். கறிக்கடையில் எலும்பை நீக்கித் தரச் சொல்லி வாங்கி, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்து, ஊசி போல ஏதேனும் தட்டுப்பட்டால் அதையும் எடுத்தெறிந்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம்.

நான்காம் மாதத்தில் அவனுடைய முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கின. வாசற்படியை ஒரே தாவலில் கடந்தவன், படியின் விளிம்பில் நின்று கொண்டு இறங்கத் தெரியாதவன் போல முனகினான். தூக்கினால் கத்தினான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தபோது, வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியிருந்த சதையின் சாம்பல் நிறத்திலேயே கிட்டத்தட்டக் கலந்து தெரிந்தது. என்ன உணவு தருகிறேன் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, “எடுத்த எலும்பையெல்லாம் யாருக்குப் போட்டீங்க டீச்சர்?” என்று கேட்டார். கறிக்கடை வாசலில் படுத்துக் கிடக்கும் தெருநாய்கள் தின்றன என்பதுதான் அதற்கான பதில். அவற்றின் கால்கள் நேராகத்தான் இருந்தன.

மருத்துவர் விளக்கியதையும், பிறகு வீட்டில் உட்கார்ந்து நானே பழைய பாடக் கணக்கைப் போட்டுப் பார்த்ததையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ பதினைந்து மில்லிகிராமைத் தொட்டாலே அதிகம். நாயின் உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறையக்கூடாது. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலோ, சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். சோற்றில் கால்சியம் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆக, கறியும் சோறும் மட்டும் தின்னும் குட்டியின் உடலுக்குள் பாஸ்பரஸ் வந்து குவிய, கால்சியம் வருவதே இல்லை. இரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இதயமும் தசையும் ஓடாது என்பதால், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் தம் ஹார்மோனைச் சுரந்து, எலும்பில் இருப்பதைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். வளரும் குட்டியிடம் இது சில வாரங்களில் வெளியே தெரிந்துவிடுகிறது. வளர்ந்த நாயிடம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தெரியாமலே கிடக்கிறது. “எங்கள் நாய் இதைத்தான் தின்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தயிர் போட்டோமே என்று நானும் நினைத்தேன். நான்கு மாதத்தில் மணியின் எடை எட்டரைக் கிலோ. நாளொன்றுக்கு அவனுக்குச் சுமார் 800 கலோரி வேண்டும். வளரும் நாய்க்கு ஆயிரம் கலோரிக்கு 3 கிராம் கால்சியம் என்பது கணக்கு. அப்படியானால் அவனுக்குத் தினமும் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் தேவைப்பட்டது. அதைத் தயிரிலேயே நிரப்புவதென்றால் நாளுக்கு இரண்டு கிலோ தயிர் போட்டிருக்க வேண்டும். நான் போட்டது இரண்டு கரண்டி. கேப்பை என்று எங்கள் பக்கம் சொல்லும் கேழ்வரகு நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு என்பது தானியங்களில் பெரிய விஷயம்தான். ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற சேர்மம் கால்சியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதையும் முழுதாக நம்ப முடியாது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து வேட்டை நாய்கள் கம்மங்கஞ்சியும் மோரும் குடித்துத்தானே ஓடின என்று கேட்பார்கள். கஞ்சி குடித்தன என்பது உண்மை. அதோடு மீன் தலையையும், ஆடு அறுத்த வீட்டுக் கால் எலும்பையும், காட்டில் பிடித்த எலியையும் தின்றன. நாம் தட்டில் ஊற்றியது மட்டும் நம் நினைவில் நின்றுவிட்டது. சோறே நாய்க்கு ஆகாது என்று இப்போது சிலர் மறுபக்கம் போவதும் சரியல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்களே இருக்க, நாயிடம் அதைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய விலங்குதான் நாய். குறை சோற்றில் இல்லை. பக்கத்தில் இருந்த எலும்பை நாம் சுத்தம் என்ற பெயரில் எடுத்துவிட்டதில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பிரியாணியில் மிஞ்சிய எலும்பைத் தட்டோடு கொட்டிவிட வேண்டாம். வெந்த எலும்பு கடிக்கும்போது கூர்மையான சிம்புகளாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு அப்படிப் பிளப்பது குறைவு என்றாலும், அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். சின்னக் குழந்தைகள் தவழும் வீட்டில் அந்த வம்பு தேவையில்லை. நான் செய்வது முட்டை ஓட்டுப் பொடி. வாரம் முழுவதும் சேரும் ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, மொட்டைமாடி வெயிலில் ஒருநாள் காயவைத்தால், விரலால் நசுக்கினாலே நொறுங்கும் பதம் வந்துவிடும். மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு, கரகரப்பு இல்லாமல் கோலமாவைவிட நைசாக அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்கிறேன். மூடியைத் திறந்ததும் புகைபோல எழும் அந்தப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்ளாமல் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது அனுபவத்தில் கற்றது. ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 5 கிராம் எடை. அதில் இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம். பதினைந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவில் கால்சியம் வேண்டும் என்பதால், அரைத் தேக்கரண்டி போதும். இந்தக் கணக்கு வளர்ந்த நாய்க்கு மட்டுமே. குட்டிகளுக்கு, அதிலும் லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு, கால்சியம் கூடிப்போனாலும் எலும்பு கோணும்; அவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் பொடியும் கூடாது, கடையில் விற்கும் கால்சியம் சிரப்பும் கூடாது.

கால்சியத்தைச் சேர்த்துவிட்டால் அந்தச் செய்முறை முழுமையாகிவிடுமா என்றால், அப்போதும் இல்லை. துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் தேவைக்குக் குறைவாகவே இருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவப் பள்ளியினர், புத்தகங்களிலும் இணையத்திலும் வெளிவந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசி 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அந்த இருநூறில் இருந்தன என்பதைச் சொன்னால், தங்கள் நாளிதழில் எழுதியவர் மனம் வருந்த மாட்டார் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் முட்டை, இரண்டு நாள் ஒரு சின்னத் துண்டு ஈரல், மலிவாகக் கிடைக்கும் நாளில் மத்தி மீன் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஈரல் நல்லதென்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ சேர்ந்து அதுவே கேடு. எண்ணெயில் நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஒரு சின்னக் கரண்டி. தேங்காயெண்ணெயில் நாய்த்தோலுக்கு வேண்டிய லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகக் குறைவு. இவ்வளவும் செய்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையையும் தூளாக்கிச் சேர்க்கிறோம். இதைச் சொல்ல முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வீட்டுச் சாப்பாட்டில் மாத்திரை எதற்கு என்று என் தங்கையே கேட்டாள்.

இந்த இடத்தில் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புப் போட்டால் நாய்க்கு முடி கொட்டும் என்பது நம் ஊரில் சட்டம் போல. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் போட்டுக் கெடுக்கும் அளவு உப்பு நிச்சயம் ஆகாது. ஆனால் நாய்க்கும் சோடியம் தேவை. அயோடின் கலந்த உப்பில் ஒரு சிட்டிகையால் முடி கொட்டிவிடாது. வீட்டுச் சோறு தின்னும் நாய்க்கு முடி கொட்டினால் துத்தநாகமும் கொழுப்பு அமிலமும் போதவில்லையா என்று பார்ப்பதே முறை. உப்பே போடாத வீட்டு நாய்களுக்கும் முடி கொட்டுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி, செய்முறையில் இருந்த பூண்டு. வெங்காயமும் பூண்டும் ஒரே குடும்பம். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. எடைக்கு எடை பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது. இரண்டு பல் பூண்டு ஒரு பெரிய நாயை ஒரு நாளில் ஒன்றும் செய்யாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்முறையில் நாயின் எடையும் இல்லை, எத்தனை நாளைக்கு என்பதும் இல்லை. வெங்காயத்தில், நாயின் ஒரு கிலோ எடைக்குப் பதினைந்து கிராம் என்பதே ஆபத்து தொடங்கும் அளவு. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு அது நடுத்தரமான ஒரு பெரிய வெங்காயம்தான், பிரியாணி மசாலாவில் ஒரு தட்டுக்கு அவ்வளவு சாதாரணமாக இருக்கும். அறிகுறியும் உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்போது, அன்றைக்குத் தின்ற பிரியாணி யாருக்கும் நினைவில் இருக்காது.

திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021-இல் எழுதியபிறகு, அதே அமிலம் நிறைந்த புளியின் மேலும் சந்தேகம் திரும்பியது. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் பிறகு வந்தன. ரசம் சோறு தின்றே பத்துப் பன்னிரண்டு வயது வாழ்ந்த நாய்கள் தெருவுக்குத் தெரு உண்டு என்பதை அறிவேன். நீர்த்த ரசம் வேறு, கெட்டியான புளிக்காய்ச்சல் வேறு. இருந்தாலும் புளியோதரையையும் புளிக்குழம்பையும் நாய்த்தட்டிலிருந்து தள்ளி வைப்பதில் நமக்கு என்ன நட்டம்?

அந்தச் செய்முறையின் தின்பண்டப் பகுதியில் ‘சர்க்கரை சேர்க்காத’ நிலக்கடலை வெண்ணெயையும் வாழைப்பழத்தையும் பிசைந்து உறையவைக்கச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த புட்டிகளும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கவைத்து, அரைமணி நேரத்துக்குள்கூட இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி வலிப்பில் கொண்டுபோய் விடும், கல்லீரலையும் தாக்கும். கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியில் இருந்துகொண்டு புட்டிக் கடலையைத் தேட எனக்கு மனமும் வராது. கடலையை வறுத்துத் தோல் நீக்கி, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு அரைத்துக்கொள்ளலாம். அந்தச் சொத்தைக் கடலையில்தான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கும், நாய்க் கல்லீரல் அதைத் தாங்காது. நான் மணிக்குச் செய்வது இன்னும் எளிது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை இட்லிக் கொப்பரையில் அவித்து, தோலுரித்து மசித்து, ஒரு முட்டையும் பிடிக்கிற அளவு கேப்பை மாவும் சேர்த்துச் சப்பாத்திப் பதத்தில் பிசைந்து, மருந்துப் புட்டியின் மூடியால் வட்டமாக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் சின்னத் தணலில் இருபுறமும் வாட்டுகிறேன். தட்டில் போட்டால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூன்றாம் நாள் பூசணம் பிடித்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரம் கொடுக்கலாம். தின்பண்டம் நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் மணி இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

பாக்கெட் உணவுக்காகப் பரிந்து பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2007-இல் வட அமெரிக்காவில், புரதம் கூடுதலாகக் காட்டுவதற்காக மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த சீனக் கோதுமைப் பசையம் (குளூட்டன்) பாக்கெட் உணவுக்குள் புகுந்து நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடிந்ததை நாடே பார்த்தது. வீட்டுச் சமையலில் என்ன போகிறது என்பது நமக்குத் தெரியும். அது பெரிய வசதி. என்ன போகவில்லை என்பதுதான் தெரிவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. வரும் இணைப்பில், அந்தச் செய்முறை வந்த அதே பக்கத்தில், அது முழு உணவு அல்ல என்றும், பூண்டை நீக்க வேண்டும் என்றும், குட்டிகளுக்கு அப்படியே கொடுக்கக்கூடாது என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி வரும் குறிப்புகளை அச்சேற்றுமுன் ஒரு கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். நாயின் எடைக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டாவது கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வைக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிச் சொல்லி இன்று பட்டிக்காட்டு விவசாயியும் அறிவார். வீட்டு நாய்க்கும் அப்படியொன்று தேவை, அது மாட்டுக் கலவை அல்ல என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஊர்க் கால்நடை மருந்தகச் சுவரில் ஒட்டினால் போதும். தடுப்பூசி போட வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே படித்துவிடுவார்கள்.

மணிக்கு இப்போது ஐந்து வயது. மருத்துவர் சொன்ன உணவும், கூண்டில் அடைத்து வைத்த ஆறு வார ஓய்வும் அவனை நிற்கவைத்தன, ஓடவும் ஓடுகிறான். இடது முன்னங்கால் மட்டும் இன்றும் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் இரண்டு மாத ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். தங்கள் செய்முறையை வெட்டிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். அதில் பூண்டைப் பேனாவால் அடித்துவிட்டு, கீழே மருத்துவரின் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டு வந்தேன். மற்ற வீட்டுக் கதவுகளுக்குத் தங்கள் நாளிதழ்தான் போக முடியும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
கோவில்பட்டி.